சுதந்திரம் பற்றிய கருத்துகள்: ‘துண்டு’ முறையை முன்வைத்து ஒரு நோக்கு

சுதந்திரம் என்னும் சொல்லைப் போற்றாத அரசியற் கோட்பாடு இன்று எதுவுமில்லை எனலாம். முதலாளித்துவத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும், தேசியவாதிகளும் அவர்களால் ஒதுக்கப்பட்டோரும் இச்சொல்லையே கையாளுகின்றனர். ஆயின் அவர்கள் அனைவரும் ஒரே பொருளையா கருதுகின்றனர்? இவ்வினாவை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கொள்ளாது, நமது நாட்டின் சமூக வரலாற்றில் வைத்து ஆராய முற்படுவோம்.

இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது, ஐசாயா பேர்லின் 1958ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய பேருரையாகும். சுதந்திரத்தை எதிர்மறைச் சுதந்திரம், நேர்மறைச் சுதந்திரம் என அவர் இருவகைப்படுத்தினார். பிறர் தலையிடாத எல்லை எவ்வளவு என வினவுவது முன்னையது. என்னை ஆள்வது யார் என வினவுவது பின்னையது. ஹொப்ஸ், பெந்தாம் ஆகியோர் வழிவந்த முன்னைய கருத்தே பேர்லினுக்கு உவப்பானது. பின்னையதில் அவர் ஓர் ஆபத்தைக் கண்டார். ‘நான்’ இருக்கவேண்டிய இடத்தில் தேசமோ வர்க்கமோ அரசோ அமர்ந்துகொண்டு, தனிமனிதரை அடக்குவதையே அவர்தம் சுதந்திரம் எனச் சாதிக்க இடமுண்டு என்பதே அது.

இவ்வகைப்பாட்டினை மலையகப் பெருந்தோட்டங்களில் நிலவிய ‘துண்டு’ முறையைக் கொண்டு உரைத்துப் பார்ப்போம். தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளி, வழிச்செலவு, முற்பணம் ஆகியவற்றால் தோட்டத்தில் காலடி வைக்கும்போதே கங்காணிக்குக் கடன்பட்டிருந்தான். வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவன் விடுவிக்கப்படுவான் எனக் கூறும் துண்டு அவனுக்கு வேண்டியிருந்தது. அத்தொகை புதிய தோட்டத்தில் மீண்டும் முற்பணமாக அவன் தலையில் ஏறியது. கடன் தீரவில்லை, கைமாறியது. இதற்கு மேலாக, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது.

இத்தொழிலாளி சுதந்திரமுடையவனா? சட்டத்தின் கண்ணில் அவன் அடிமை அல்லன்; ஒப்பந்தம் செய்துகொண்டவன். சிறைத்தண்டனை சுதந்திரத்தில் தலையிடுவது என்பதைப் பேர்லினும் ஏற்பார். கடனைப் பொறுத்தே சிக்கல் எழுகின்றது. மனிதர் செய்த ஏற்பாடுகளின் விளைவே வறுமை என ஒருவர் கொண்டால் மாத்திரமே அதனைச் சுதந்திரமின்மை எனலாம் என்பது அவர் நிலைப்பாடு. அவ்வேற்பாடுகளை ஆராயும் பொறுப்பை அவர் பிறருக்கு விட்டுவிடுகிறார். மேலும், கங்காணி இரக்கமுடையவனாக இருந்து தொழிலாளியின் வழியிற் குறுக்கிடாதிருப்பின், தலையீடின்மை என்ற அளவுகோலின்படி அத்தொழிலாளி அந்த அளவுக்குச் சுதந்திரமுடையவனே ஆவான். இம்முடிவினை நாம் ஏற்கமுடியாது.

இக்குறையினைப் பிலிப் பெற்றிட் 1997ஆம் ஆண்டிலும் குவென்ரின் ஸ்கின்னர் 1998ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் எடுத்துக்காட்டினர். ஒருவன் தலையிடாதிருப்பது போதாது. விரும்பும்போது தலையிடும் அதிகாரமே அவனிடம் இருத்தலாகாது என்பது அவர்கள் கூற்றின் சாரம். நல்ல எசமானும் எசமானே. துண்டு முறையின் இயல்பை விளக்க இது பெரிதும் உதவுகின்றது. எனினும் இதுவும் முழுமையானதன்று. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் தொழிலாளியின் குடியிருப்பு தோட்டத்துக்குரிய லயனாகவே நீடித்தது. வேலை போனால் வீடும் போகும். ஒரு தனிமனிதனின் பிடி தளர்ந்தபோதும், நிலமும் வீடும் இன்மையால் வரும் பிடி தளரவில்லை. தொழிலாளி தன் உழைப்பை விற்கவும் சுதந்திரமுடையவன், உற்பத்திச் சாதனங்கள் எவையும் இல்லாதவனாகவும் ‘சுதந்திரமுடையவன்’ என மார்க்ஸ் 1867ஆம் ஆண்டில் காட்டிய முரண் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாமும் நம்மைத் திறனாய்வு செய்துகொள்ளுதல் அவசியம். சட்டவழி உரிமைகள் யாவும் பூர்சுவா ஏமாற்று என ஒதுக்கும் போக்கு நம் எழுத்துகளிற் காணப்படுவதுண்டு. மலையக வரலாறு அதனை மறுக்கின்றது. 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளரிற் பலர் வாக்காளராயினர். 1948ஆம் ஆண்டு பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெருந்தொகையினரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. ‘நாம் நம்மை ஆள்கிறோம்’ என்ற கூற்றில் ‘நாம்’ யார் என்பதைச் சட்டம் சுருக்கிவிட்டது. நேர்மறைச் சுதந்திரம் பற்றிய பேர்லினின் எச்சரிக்கை இவ்விடத்திற் பொருந்துகின்றது என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளவேண்டும்.

வாக்கு இழந்ததன் விலை 1964ஆம் ஆண்டிற் புலப்பட்டது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 975,000 பேர் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென முடிவாயிற்று. அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. வாக்கற்றோரின் விருப்பம் எந்த அரசாங்கத்தையும் கவிழ்ப்பதில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை பெற வழிசெய்த சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசியல் விடுதலை மானிட விடுதலையாகாது என 1844ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் வாதிட்ட மார்க்ஸ், அரசியல் விடுதலை ஒரு பெரும் முன்னேற்றமே என்பதையும் அதிலேயே ஏற்றுக்கொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. முன்னைய கூற்றை மாத்திரம் மேற்கோளாகக் கொண்டு பின்னையதை மறப்பது மார்க்சியமாகாது.

எனவே, போட்டியிடும் இக்கருத்துகளுள் ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுத்து ஏனையவற்றைத் தள்ளிவிடுவது நம் பணியன்று. தலையீடின்மை, தன்னாட்சி, ஆதிக்கமின்மை என்னும் மூன்றும் சுதந்திரத்தின் மூன்று கூறுகளைத் தொட்டுக் காட்டுகின்றன. அவற்றின் உண்மையை அளக்கும் அளவுகோல், ஒரு சமூகத்தின் அடித்தளத்தில் நிற்பவர் எவருடைய தயவில் வாழ்கிறார் என்ற கேள்வியே. உரிமை மாத்திரம் அவரை விடுவிப்பதில்லை. ஆயின் உரிமை பறிக்கப்பட்ட நிலையில் அவர் தம் விடுதலைக்காகப் போராடுவது பன்மடங்கு கடினமாகின்றது. துண்டு முறை ஒழிந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. லயன் அறையில் வாழ்வோரை நோக்கி இக்கேள்வியை எழுப்பாத எந்தச் சுதந்திரக் கோட்பாடும் நமக்கு முழுமையானதாகாது.