புகையை எரிபொருளாக்கும் கணக்கு

திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில், காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் உண்டாக்குவதற்காக 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 32.5 மெகாவாட் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, ஹைட்ரஜனோடு கூட்டி, வினையூக்கியின் துணையால் மெத்தனாலாக மாற்றிவிட்டால், கழிவும் ஒழிந்து எரிபொருளும் கிடைத்துவிடும் என்ற யோசனை, உவர் ஏறும் கடைமடையில் வாழ்கிற நமக்கு எவ்வளவு ஆறுதலாகத் தோன்றினாலும், அதன் குணத்தையும் குற்றத்தையும் நிதானமாக நிறுத்துப் பார்ப்பதே விவேகம்.

முதலில் குணம். செம்பும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த வினையூக்கியின்மேல், 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில், வளிமண்டலத்தைப்போல் 50 முதல் 100 மடங்கு அழுத்தத்தில் நிகழும் இந்த இரசாயன மாற்றம் வெறுங்கனவன்று. ஐஸ்லாந்தில் பூமியின் வெப்பத்தோடு வெளிப்படும் வாயுவைக் கொண்டு, இரசாயன அறிஞர் ஜார்ஜ் ஓலாவின் பெயர் தாங்கிய ஆலை மெத்தனால் செய்து காட்டியது. மத்தியப் பிரதேசத்து விந்தியாசல் அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து பிரித்த வாயுவும் 2024இல் மெத்தனாலாயிற்று. பிசின்களுக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் மூலப்பொருளாகும் இத்திரவத்தைத் தொட்டியில் சேமித்துக் கப்பலிலும் ஏற்றலாம்.

ஆயினும், வினையூக்கி வழியைச் சுலபமாக்குமேயன்றிச் சக்தியைத் தருவதில்லை. கரியமில வாயு என்பது எரிந்து தீர்ந்த பொருள். அதை மறுபடி எரியச் செய்வதற்கு, எரிந்தபோது வெளிப்பட்ட சக்தியை நாமே திருப்பித் தரவேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜன் தேவை. நீரை மின்பகுத்து அதைப் பெற 9,000 யூனிட்டுக்கு மேல் செலவாகும். கிடைக்கும் மெத்தனாலின் வெப்பமோ ஏறக்குறைய 5,500 யூனிட்டே. எரிவாயு நிலையம் ஒரு யூனிட் உண்டாக்கும்போது வெளியேறும் வாயுவை மெத்தனாலாக்குவதற்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வேண்டும். அன்றியும், எரிவாயு நிலையத்துப் புகையில் கரியமில வாயு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே என்பதால், அதைப் பிரித்தெடுப்பதும் பிரயாசை. மெத்தனாலை எரித்தாலோ, பிடித்த வாயு மீண்டும் ஆகாயத்துக்கே போய்விடும்.

நம் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த வாஞ்சூர்ப் பக்கத்துக் காஸ்டிக் சோடா ஆலையில் ஹைட்ரஜன் உபபொருளாகக் கிடைக்கிறதே எனலாம். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜனே உண்டாவதால், ஒரு டன் மெத்தனாலுக்கு ஏழரை டன் காஸ்டிக் சோடா செய்தாக வேண்டும். பரீட்சைக்கு அது போதும், பரிகாரத்துக்குப் போதாது.

ஆகவே, சூரியனிடமிருந்து பெறும் ஒரு யூனிட் மின்சாரம், நேரே வீடுகளுக்குச் சென்று எரிவாயு மின்சாரத்தின் ஒரு யூனிட்டைத் தவிர்க்குமானால், மெத்தனால் வழியாகச் செய்வதைப்போல் மும்மடங்கு நன்மை செய்யும் என்பது கணக்கால் தெளிவாகிறது. இந்த வித்தையை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கப்பல்களைப்போல் மின்கம்பி எட்டாத இடங்களுக்கும், கரியின்றிச் செய்யமுடியாத இரசாயனங்களுக்கும் அது ஒருநாள் இன்றியமையாததாகும். ஆனால் முதலில் வெயிலைக் கொண்டு போலகத்துப் புகைபோக்கியை ஓயச் செய்வோம். மிஞ்சும் வெயிலை வினையூக்கிக்குக் கொடுப்போம்.