திருநீலகண்டர் வீட்டில் ஒரு சொல்

குடும்பத்தில் இருந்துகொண்டே நாமஜெபம் செய்யலாமா, அதற்குப் பலன் உண்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம் சொற்பொழிவாளர்கள் எடுத்துக் காட்டும் ஆட்களில் ஒருவர் திருநீலகண்ட நாயனார். மனைவியோடு வாழ்ந்தார், பானை வனைந்து பிழைத்தார், வாய் ஓயாமல் 'திருநீலகண்டம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் ஈசன் அருள் கிடைத்தது, ஆகவே நமக்கும் கிடைக்கும். இப்படித்தான் கதை ஓடும். ஆனால் சேக்கிழாரை எடுத்துவைத்துப் படித்தால் அது இவ்வளவு வழுவழுப்பாக இல்லை. அந்த வீட்டில் ஜெபம் கணவனையும் மனைவியையும் சேர்த்து வைக்கவே இல்லை. இளமையிலிருந்து முதுமை வரை பிரித்து வைத்தது. அதுவும் ஒரே கூரையின் கீழ்.

இந்தப் புராணத்துக்கு இருக்கும் இடத்தை முதலில் கவனிக்கணும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் தில்லைவாழ் அந்தணர்களை ஒரு கூட்டமாக வணங்கிவிட்டு, தனி ஆளாக முதலில் பெயர் சொல்வது இந்தக் குயவரைத்தான். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அதே வரிசையைப் பின்பற்றுகிறார். ஆக, அடியார் வரலாறுகளுக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது ஒரு வீட்டுச் சண்டையை.

இருவருக்கும் இடையில் நம்பியாண்டார் நம்பி இருக்கிறார். திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே பாடலில் விஷயத்தை முடித்துவிடுகிறார்: மனைவி சிவன் பெயரால் ஆணையிட்டாள், இவர் ஆசையை விட்டார், மூப்பு வந்தது, இறையருளால் மனைவியோடு மறுபடி இளமை பெற்றார். அவ்வளவுதான். காணாமல் போன திருவோடு, வழக்கு, குளம், சுற்றி நின்ற ஊர்க்காரர்கள், எதுவும் அங்கே இல்லை. அதையெல்லாம் 40-க்கும் மேற்பட்ட பாடல்களில் விரித்துச் சொல்கிறவர் சேக்கிழார். ஒரு கவிஞன் எந்த இடத்தில் விரிக்கிறான் என்பது எனக்கு எப்போதுமே முக்கியம். அவனுடைய கவலை அங்கேதான் இருக்கும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தில்லையில் வேட்கோவர் குலத்தவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவருடைய தொண்டு. ஆலகால விஷத்தை ஈசன் கண்டத்தில் அடக்கியதால்தான் நாமெல்லாம் பிழைத்தோம் என்ற நன்றியில் 'திருநீலகண்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர். பக்தியில் குறை கிடையாது. இளமையில் சிற்றின்பத்தில் மட்டும் எளியவர். ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் வீட்டு வேலை எதையும் நிறுத்தவில்லை, கூடுவதற்கு மட்டும் இசையவில்லை. இவர் கெஞ்சுகிறார், நெருங்கிப்போய்த் தொடப் பார்க்கிறார். அப்போதுதான் அவள் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தொடாதீர் என்கிறாள்.

உரைகாரர்களும் சொற்பொழிவாளர்களும் இங்கே ரசித்து நிற்பது 'எம்மை' என்ற சொல்லில். 'என்னை' என்றிருந்தால் அவளை மட்டும் குறிக்கும். 'எம்மை' பன்மை. ஆகவே பெண்குலம் முழுவதையும் குறித்ததாக எடுத்துக்கொண்டு, இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று முடிவெடுக்கிறார் நாயனார். தமிழில் ஒருத்தி தன்னைப் பற்றிப் பேசும்போதே 'எம்' என்று சொல்வது உண்டு. கோபத்தில், ஒருவரைத் தள்ளி நிறுத்த நினைக்கும்போது, அந்த 'எம்' இன்னும் நன்றாகப் பொருந்தும். அவள் அந்தப் பொருளில்கூடச் சொல்லியிருக்கலாம். இலக்கணப்படி இரண்டுக்கும் இடம் உண்டு என்பதுதான் இதில் சுவாரசியமே. தப்பிக்க நினைக்கிறவன் சின்ன அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பரத்தை வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பான். இவர் பெரிய அர்த்தத்தை எடுத்துத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அந்த இடத்தில் அவர் நாயனார்தான், மறுக்கவில்லை.

ஆனால் என் கண் போவது 'எம்மை'க்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல் மேல்: திருநீலகண்டம். இதை அவள் எங்கிருந்து எடுத்தாள்? அவர் வாயிலிருந்து. அவர் சக்கரத்தைச் சுற்றும்போது சொன்னதை, சூளை வைக்கும்போது சொன்னதை, தூங்கப் போகும்போது சொன்னதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எந்தச் சொல் இந்த மனிதனை அப்படியே நிறுத்தும் என்று தில்லையில் வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். வேறு எதன் மேல் ஆணையிட்டிருந்தாலும் அவர் சமாதானம் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

குகையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவனுக்கு இந்த ஆபத்து கிடையாது. அவன் மந்திரம் அவனுக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் ஜெபிக்கிறவனுடையதைக் கேட்க ஆள் இருக்கிறது. காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஸ்தோத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அதே வாயால் காபி ஆறிப்போச்சு என்று கத்தினால், இரண்டையும் கேட்கிற காது ஒன்றேதான். இல்லறத்தில் பக்தி பற்றி இன்று வரும் அறிவுரைகளைப் பாருங்க. குடும்பம் ஓர் இடைஞ்சல், அதற்கு நடுவில் எப்படி நேரம் ஒதுக்குவது, எத்தனை லட்சம் எண்ணிக்கை முடிப்பது, நோட்டில் எழுதினால் கணக்கில் சேருமா என்று போகும். கேட்டுக்கொண்டிருக்கிற அந்த இன்னொரு ஆள் அந்த அறிவுரைகளில் வருவதே இல்லை. சேக்கிழார் அவளைத்தான் கதையின் மையத்தில் நிறுத்துகிறார்.

பெரியபுராணத்திலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நேச நாயனார் சாலியர், கம்பீலி ஊர்க்காரர். மனம் ஈசன் திருவடியில், வாய் ஐந்தெழுத்தில், கை தறியில். தொழிலும் ஜெபமும் ஒன்றாக ஓடும் அழகான சித்திரம், சட்டென்று முடிந்துவிடும். கவனித்தால் அந்தச் சித்திரத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை. மோதல் வர வழியே இல்லை. குங்கிலியக் கலயர் வீட்டிலோ பிள்ளைகள் பட்டினி. நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை வழியில் குங்கிலியமாக மாற்றிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். வீடு காத்திருக்கிறது. திங்களூர் அப்பூதியடிகள் பிள்ளைகளுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்றே பெயர் வைத்தவர். கூப்பிடும் குரலே ஜெபமாகிவிட்ட வீடு. ஆனால் மூத்தவன் பாம்பு கடித்து இறந்தபோது, வந்த விருந்தினர் சாப்பிடாமல் போய்விடக் கூடாதே என்று உடலை மறைத்து வைக்கிற வீடும் அதுதான். இந்தக் கதைகளில் ஈசன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறார். சரிசெய்வதற்கு முன்னால் அந்தத் தாய்மார்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியைச் சேக்கிழார் வேகமாகத் தாண்டிப்போகிறார். திருநீலகண்டர் புராணத்தில் அப்படித் தாண்ட முடியவில்லை, ஏனென்றால் இங்கே ஆணையைக் கையில் வைத்திருப்பவளே அவள்தான்.

தாண்ட முடியவில்லை என்றாலும் குறைத்துச் சொல்கிறார். இதுதான் எனக்கு இந்தப் புராணத்தோடு இருக்கும் மனத்தாங்கல். அவளுக்குப் பெயர் கிடையாது. பேச்சும் கிட்டத்தட்ட அந்த ஒரு ஆணையோடு முடிந்தது. அதன்பிறகு மெய் தீண்டாமல் கணவனுக்கு வேண்டிய எல்லாப் பணிவிடையும் செய்தாள், இருவரும் கூடாமல் வாழ்வது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் இருந்தார்கள் என்று பாராட்டிவிட்டு, அப்படியே முதுமைக்குக் கொண்டுபோய்விடுகிறார். எத்தனை வருஷம் என்று கணக்கு இல்லை, நரை மட்டும் வருகிறது. அவளுக்கு ஒருநாளாவது அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியிருக்காதா? ஆணையிட்டவளே விலக்கினால் விலகுமா? நூல் கேட்கவில்லை. அவர் நோன்பை வாய்நிறையப் புகழ்கிற நம் மேடைகளும் கேட்பதில்லை. நோன்பு இருவருடையது. அவர் தப்புச் செய்துவிட்டு ஏற்றது, அவள் தப்புச் செய்யாமலே ஏற்றது. அக்கம்பக்கம் அறியாமல் வைத்திருந்த பாரமும் சரிபாதி அவளுடையது. சொல்லப்போனால் பாதிக்கு மேலே. குழந்தை ஏன் இல்லை என்று தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் எவளைக் கேட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன.

இதற்கு அப்புறம் வருகிற பகுதியில்தான் சேக்கிழார் தன் குறையைத் தானே ஈடுகட்டுகிறார். சிவயோகி வேடத்தில் ஈசன் வருகிறார். விலைமதிப்பில்லாதது என்று சொல்லி ஒரு திருவோட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். போனவர் அதைத் தானே மறைத்துவிடுகிறார். கொஞ்ச நாள் கழித்து வந்து கேட்டால் ஓடு இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார் கிழக் குயவர். பொன்னால் செய்து கொடுத்தாலும் வேண்டாம், நீ திருடவில்லை என்றால் உன் மகன் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார் யோகி. மகன் இல்லை என்று பதில் வருகிறது.

இந்த ஒரு கேள்வி பதிலில் சேக்கிழார் எவ்வளவு செய்துவிட்டார் பாருங்க. அந்த வீட்டில் மகன் ஏன் இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். காரணத்தைச் சொல்லாமல் இல்லை என்ற உண்மை மட்டும் வெளியே விழுகிறது. அடுத்து யோகி, அப்படியானால் மனைவி கையைப் பிடித்து மூழ்கு என்கிறார். அது எங்களுக்குள் ஒரு சபதத்தால் முடியாது என்கிறார் இவர். அப்போதும் என்ன சபதம் என்று சொல்லவில்லை. வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. மனைவி கையைப் பிடித்து மூழ்குவதுதான் முறை என்று தீர்ப்பு வருகிறது. திருப்புலீச்சரத்துக்கு முன்னால் இருக்கும் குளத்தில் இறங்குகிறார்கள். ஆளுக்கொரு முனையாக மூங்கில் தண்டைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த மூங்கில் தண்டு அந்த வீட்டுக்கே சரியான அடையாளம். இத்தனை காலமும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள், தொடாமல், விடாமல். யோகி அதையும் ஒப்புக்கொள்ளவில்லை, கையைத்தான் பிடிக்கணும் என்கிறார். வேறு வழியில்லாமல் நாயனார் வாய் திறக்கிறார். தான் முன்பு செய்ததையும் அவள் சொன்னதையும் சுற்றி நின்ற ஊரே கேட்கும்படி சொல்கிறார். சொல்லிவிட்டு மூழ்கி எழுந்தால் இருவரும் இளமையாக நிற்கிறார்கள்.

குளத்துத் தண்ணீரின் மகிமை என்று தலபுராணம் சொல்லும். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்ற பெயரும் அதைத்தான் சொல்கிறது. பெரியபுராணத்தில் வரிசையைப் பார்த்தால், தண்ணீருக்கு முன்னால் பேச்சு வருகிறது. ஈசன் இவ்வளவு பெரிய நாடகம் ஆடியது ஓட்டுக்காகவும் இல்லை, இளமை கொடுப்பதற்கு மட்டும் என்றால் வீட்டுக்குள்ளேயே கொடுத்திருக்கலாம். அவர் திருநீலகண்டம் என்று ஆயிரம் தடவை சொன்ன வாயால், அந்தத் திருநீலகண்டத்தை அவள் ஏன் எடுக்க வேண்டிவந்தது என்று ஒரு தடவை ஊர் கேட்கச் சொல்ல வைத்தார். கணவனுக்கு அது அவமானம்தான். அவளுக்கு? இத்தனை காலம் ஊர் வாயில் என்னவாக இருந்தாளோ, அதற்கெல்லாம் அன்றைக்குக் கணவன் வாயாலேயே பதில் கிடைத்தது. அவள் பேசாமலே அவள் பக்கத்து நியாயம் பதிவாகிவிட்டது. சேக்கிழார் இதை விளக்கவில்லை, காட்சியை அப்படி அமைத்திருக்கிறார், போதும். சோழர் அரசவையில் அமைச்சராக இருந்தவர், சாட்சியமும் வாக்குமூலமும் என்னவென்று தெரிந்தவர்.

1939-இல் தியாகராஜ பாகவதர் நடித்துத் திருநீலகண்டர் படமாக வந்தது. அதற்கும் முன்பே கோபாலகிருஷ்ண பாரதியார் இந்த நாயனாரின் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியிருக்கிறார். ஒரு குயவர் வீட்டுப் பூசலுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்ததற்கு வெறும் பக்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. கேட்டவர்கள் தங்கள் வீட்டை அதில் பார்த்திருக்கிறார்கள்.

முடிவில் யோகி மறைந்து, ஈசன் உமையோடு விடைமேல் காட்சி தருகிறார். இந்த இளமை நீங்காமல் நம்மிடம் என்றும் இருங்கள் என்று இருவருக்கும் சேர்த்தே சொல்கிறார். அந்தப் பன்மையை மேடைகளில் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அடுத்த புராணம் இயற்பகையார். அடியார் ஒருவர் வந்து உன் மனைவியைக் கொடு என்று கேட்கிறார். அவர் முகம் மலர்ந்து, உள்ளே போய் அவளிடம் 'உன்னை இவருக்குக் கொடுத்துவிட்டேன்' என்கிறார். கொடுத்த பிறகுதான் சொல்கிறார்.