டிக்கெட் இலவசம், பஸ் எப்போது?

தார் ரோடு லாபத்தில் நடக்கிறதா, நஷ்டத்தில் நடக்கிறதா என்று யாராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தினார்கள். நல்ல காரியம்தான். அந்தச் சாலை போன வருஷம் எவ்வளவு சம்பாதித்தது, போட்ட முதல் எப்போது திரும்பும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தெரு விளக்கைக் கேட்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனைக் கேட்க மாட்டார்கள். ஆனால், அதே சாலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓர் அரசு பஸ் வந்தால் மட்டும், ‘நஷ்டத்துல ஓடுதாமே!’ என்று உச்சுக் கொட்டுவோம்.

சாலை போட்டால் அதற்குப் பெயர் உள்கட்டமைப்பு. பஸ் விட்டால் அதற்குப் பெயர் மானியம். காசு என்னவோ ஒரே கஜானாவிலிருந்துதான் போகிறது. பெயரை மாற்றி வைத்ததில்தான் சூட்சுமம்.

இந்தப் பெயர் விளையாட்டின் விளைவு சென்னையில் உட்கார்ந்திருந்தால் சரியாகத் தெரியாது. அண்ணா சாலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ், அதுவும் இல்லையென்றால் மெட்ரோ, இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. தெரிய வேண்டுமானால் அச்சன்புதூர் மாதிரி ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி அது. பக்கத்தில் வடகரை, பண்பொழி. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் மூன்றும் இருபது கிலோமீட்டருக்குள். குற்றால சீசனுக்குக் காரில் போகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி, காலேஜ், கலெக்டர் ஆபீஸ், ரயில் எல்லாமே அந்த இருபது கிலோமீட்டரின் மறுமுனையில்தான். 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாக்கியபோது, ‘இனி கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலி வரை போக வேண்டாம்’ என்றார்கள். வாஸ்தவம். கலெக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸும் பக்கத்தில் வந்தால்தானே அந்த வார்த்தை முழுசாகும்?

இந்த வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அப்படி ஓர் அம்மா, மகளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்லது. ஆனால் அந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு நாலே ட்ரிப் என்றால்? காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, ரிசல்ட் வாங்கி முடிப்பதற்குள் மதியம் பஸ் போய்விடும். சாயங்காலம் பஸ் வருமா என்று கேட்டால், ‘வந்தா வரும்’ என்பார்கள். கடைசியில் ஆட்டோ. போகும்போது மிச்சம் பிடித்த பத்துப் பதினைந்து ரூபாய்க்குப் பதில் வரும்போது இருநூறு, முந்நூறு. அன்றைக்குப் பீடி சுற்றாததால் போன கூலி தனி.

டிக்கெட் இலவசம் என்பதற்கு அந்த அம்மாவைப் பொறுத்தவரை என்ன அர்த்தம்? பஸ் வந்தால் இலவசம். வராவிட்டால் முந்நூறு ரூபாய்.

என்னை இலவச பஸ்ஸுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம் ஸ்டாலின் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்ட அந்தத் திட்டம், சமீப காலத்தில் தமிழ்நாட்டில் வந்த உருப்படியான திட்டங்களில் ஒன்று. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. காசு மிச்சம் என்பதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் யாரிடமும் பஸ்ஸுக்குக் கை நீட்டாமல் கிளம்பலாம் என்பது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023ல் இதே போன்ற திட்டங்களைக் கொண்டுவந்தன.

ஆனால் இந்த 888 ஒரு சராசரி. சராசரி என்பது பொல்லாத சமாசாரம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் ஊரில் ஒரு பெண் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குவார். நாலு ட்ரிப் வரும் ஊரில் வாரத்துக்கு ஒரு முறை. ஒரே சட்டம், ஒரே டிக்கெட். பலன் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. பஸ் அதிகமாக ஓடும் இடத்துக்குத்தான் இலவசத்தின் பெரும் பங்கும் போய்ச் சேரும். பஸ்ஸே இல்லாத ஊருக்கு அரசு தருவது இல்லாத பஸ்ஸில் இலவச இடம்!

ஐரோப்பாவிலும் இதைப் பார்த்துவிட்டார்கள். எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், 2013ல் உள்ளூர்வாசிகளுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. ஏழைகளுக்கு நிச்சயம் உதவியது. ஆனால் கார் வைத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் காரை விட்டு இறங்கிவிடவில்லை. ஜனங்களை பஸ்ஸுக்கு இழுப்பது விலை மட்டும் அல்ல. நிச்சயமாக வரும், சொன்ன நேரத்துக்கு வரும், திரும்பி வரவும் பஸ் இருக்கும் என்ற நம்பிக்கை.

‘சரி சார், காசுக்கு எங்கே போவது?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. பார்ப்போம்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் பெண்களின் இலவசப் பயணத்துக்கு 3,600 கோடி ரூபாய், மாணவர் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி ஒதுக்கினார்கள். மூன்றும் சேர்த்து 7,239 கோடி. பெரிய தொகைதான். ஆனால் அந்த வருஷம் அரசு போட்ட மொத்தச் செலவுத் திட்டம் ஏறத்தாழ 4.39 லட்சம் கோடி. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை.

இன்னொரு பக்கம், சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவையும் ஒப்புதல் தந்தது. கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் ஆகிறது. ஒரு டவுன் பஸ்ஸின் விலை ஒரு கோடிக்கும் குறைவு. அதாவது ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் செலவில் ஐந்நூறு பஸ்ஸுக்கு மேல் வாங்கலாம். எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து தமிழ்நாடு முழுக்க வைத்திருப்பதே ஏறத்தாழ 20,000 பஸ்தான்.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு அது வேண்டும். பஸ்ஸை வாங்கினால் மட்டும் போதாது, டிரைவர், கண்டக்டர் சம்பளம், டீசல், டயர் எல்லாம் வருஷா வருஷம் உண்டு என்பதும் தெரியும். ஆனால் மெட்ரோவுக்கு வெளிநாட்டுக் கடன் வாங்கும்போது வராத தயக்கம், மலையடிவாரத்துக்கு இரண்டு பஸ் கூடுதலாக விடும்போது மட்டும் ஏன் வருகிறது? அந்தக் கடனை அடைக்கும் வரியில், அச்சன்புதூரில் சோப்பு வாங்குகிறவரின் காசும் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2025 ஜூலையில் மதுரை - கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் நான்கு டோல்கேட்டுகள் வழியாக அரசு பஸ்களை விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. காரணம், 276 கோடி ரூபாய் சுங்கக் கட்டணப் பாக்கி. பிறகு அந்தத் தடையைத் தள்ளி வைத்தார்கள். பாக்கி வைத்தது தப்புதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பஸ் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, அவர்கள் தனித்தனியாக வண்டியில் வந்தால் அடைபடக்கூடிய சாலையைக் காலியாக வைத்திருக்கிறது. அந்த பஸ்ஸிடமே ஓர் அரசு சுங்கம் கேட்கிறது, இன்னோர் அரசு கட்ட முடியாமல் நிற்கிறது, நடுவில் கோர்ட். அப்புறம் அந்தச் சுங்கத்தையும் சேர்த்து எழுதி, ‘பாருங்கள், பஸ் நஷ்டம்’ என்கிறோம்.

பஸ் இல்லாவிட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார்கள். தவணையில் ஒரு டூவீலர் வாங்குவார்கள். அதில் மூன்று பேர், நாலு பேர் போவார்கள். 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 75,000 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள். ஓடாத பஸ்ஸின் செலவு போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் வராது. ஆஸ்பத்திரிக் கணக்கில் வரும். சில வீடுகளில் சுவரில் மாலை போட்ட படமாக வரும். நஷ்டக் கணக்கு போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடட்டும்.

‘எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும்’ என்று ஒரு கோஷ்டி சொல்லும். தனியார் பஸ் சுத்தமாக இருக்கும், வேகமாகப் போகும், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் இருக்கும் தடத்தில், கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் ஓடும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஏழு பேருக்காக மலையடிவாரம் வரைக்கும் அவர் ஏன் வர வேண்டும்? அவருக்கு அது வியாபாரம். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 1997ல் கிராமங்களுக்காக மினி பஸ் திட்டம் கொண்டுவந்தார்கள். பஸ் போகாத ஊர்களுக்குப் போவதுதான் நோக்கம். பல இடங்களில் அந்த வண்டிகள் ஏற்கெனவே பஸ் ஓடும் தடங்களில் ஆள் பிடிக்கப் போயின என்ற புகார் தொடர்ந்து எழுந்தது. 2025 ஜூனில் புதிய விதிகளோடு மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்கலாம். ஆனால் லாபம் தராத ட்ரிப்பை ஓட்ட வேண்டிய பொறுப்பு கடைசியில் அரசுடையதுதான்.

இது ஏதோ கம்யூனிஸ்ட் யோசனை என்று நினைக்க வேண்டாம். 1938 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தது ஒரு மகாராஜாவின் சர்க்கார். லண்டன் போக்குவரத்தில் அனுபவம் உள்ள ஒருவரை வரவழைத்து நடத்தினார்கள். அன்றைக்கு அச்சன்புதூரை அடுத்த செங்கோட்டை அந்தத் திருவாங்கூர் ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. பிறகு 1972ல் கருணாநிதி அரசு பஸ்களை அரசுடைமையாக்கிப் பல்லவனையும் பாண்டியனையும் உருவாக்கியது. 1974ல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் காலேஜ் போனதற்கும், தென்காசிச் சந்தைக்கு ஒரு கூடை காய்கறி தலைச்சுமை இல்லாமல் போய்ச் சேர்ந்ததற்கும் இந்த பஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது போட்ட முதலின் பலனைத்தான் இன்று வரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு மேல் போட மனசு வரவில்லை. ஓய்வு பெற்றவர்களின் பாக்கிக்காகவும் காலி இடங்களை நிரப்பவும் 2024 ஜனவரியில் ஸ்டிரைக்கே நடந்தது. ஓட்ட ஆள் இல்லாத பஸ் டிப்போவில் நின்றால், அன்றைக்கு ரத்தாவது எந்த ட்ரிப்? சென்னை அண்ணா சாலை ட்ரிப்பா, அச்சன்புதூர் ட்ரிப்பா? உங்களுக்கே தெரியும்.

ஆகவே, பொதுப் போக்குவரத்துக்கு அரசு அதிகம் செலவழிக்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆனால் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு சலுகைக்கு அல்ல, இன்னும் நாலு ட்ரிப்புக்கு.

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில் ஒரு விதி உண்டு. முந்நூறு பேர் புழங்கும் குடியிருப்பு இருந்தால் அங்கே பொதுப் போக்குவரத்து போயாக வேண்டும். லாபமா நஷ்டமா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான். நாம் சுவிட்சர்லாந்து இல்லைதான். முந்நூறு வேண்டாம், பேரூராட்சியிலிருந்து தொடங்கலாமே? காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை, மணிக்கு ஒரு பஸ்ஸாவது ஒவ்வொரு பேரூராட்சிக்கும் உண்டு என்று சட்டமாகவே எழுதலாம். நேரத்தை பஸ் ஸ்டாப்பில் பெயின்ட்டில் எழுதி வைக்கலாம். விற்ற டிக்கெட்டை மட்டும் எண்ணி ஈடு கொடுக்காமல், ஓட்டிய ட்ரிப்பை எண்ணியும் கழகத்துக்குப் பணம் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மலையடிவாரத்து ட்ரிப்பை ரத்து செய்வதில் யாருக்கும் மிச்சம் இருக்காது.

எந்தத் தேர்தலாக இருந்தாலும் சரி, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பார். இலவசமாக என்ன தருவீர்கள் என்று கேட்காதீர்கள். அதை அவரே சொல்லிவிடுவார். ‘எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரிந்தவராக இருந்தால் யோசிக்கலாம்.