ஒரே வெப்பநிலை, இரண்டு பெட்டிகள்

செல்சியஸுக்கு ஒரு பெட்டி, ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பெட்டி. எதில் தட்டினாலும் மற்றது உடனே மாற வேண்டும். ‘செவன் ஜியுஐஸ்’ என்ற பயிற்சித் தொகுப்பில் இது இரண்டாவது. விட்ஜெட்டுகள் (திரையில் உள்ள பெட்டி, பொத்தான் போன்ற கூறுகள்) தங்களுக்குள் ஒரு மதிப்பை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

இப்படிப் பகிர்வதற்கான மூத்த மரபு, நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்கௌக் 1978–79இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வகுத்த எம்விசி (மாடல், வியூ, கண்ட்ரோலர்). தரவு மாடலிடம் இருக்கும். மாடல் மாறினால், அதைச் சார்ந்த வியூக்களுக்கெல்லாம் செய்தி போகும்.

ஜான் ஊஸ்டர்ஹவுட்டின் டிகே என்ற இடைமுகக் கருவித்தொகுப்பு இதையே இன்னும் எளிமையாக்கியது. அதைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் டிகேஇன்டரில், இன்ட்வார் என்ற முழு எண் மாறி ஒன்றை உருவாக்கி ஸ்லைடருக்கும் லேபிளுக்கும் கொடுத்தால் போதும். ஸ்லைடரை இழுக்க இழுக்க லேபிளில் எண் ஓடும். தனியாக ஒரு ஃபங்ஷன்கூட எழுத வேண்டாம். தொடங்குபவர்களுக்கு இதுதான் சரியான வாசல். ஆனால் அதே இன்ட்வாரை உள்ளீட்டுப் பெட்டியில் கட்டி, பயனர் பெட்டியைக் காலி செய்துவிட்டால், மதிப்பைக் கேட்ட கணமே பிழை எழும்.

1995இல் வெளியான க்யூட்டி என்ற கருவித்தொகுப்பில் இருப்பது சிக்னல், ஸ்லாட் முறை: ஒரு பொருள் அனுப்பும் சிக்னலை இன்னொன்றின் ஸ்லாட் பெறும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே சுழலாதிருக்க, புதிய மதிப்பு பழையதிலிருந்து வேறுபட்டால் மட்டுமே சிக்னல் அனுப்பு என்று அதன் ஆவணமே கற்றுத்தருகிறது. வெப்பநிலைக்கு இந்தக் காவல் போதாது. 100 ஃபாரன்ஹீட் என்று தட்டினால் செல்சியஸ் பெட்டி ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கி 37.8 என்று காட்டும். அது ஃபாரன்ஹீட்டாகத் திரும்பி வரும்போது 100.04. பயனர் தட்டிய எண் அவர் கண்ணெதிரிலேயே மாறிவிடும். இங்கே கைகொடுக்க, க்யூட்டியின் வரிப்பெட்டியில், பயனரே திருத்தும்போது மட்டும் எழும் ‘டெக்ஸ்ட்எடிடட்’ என்ற தனிச் சிக்னல் இருக்கிறது.

2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் என்ற இடைமுக நூலகம், பகிரும் நிலையைப் (ஸ்டேட்) பொதுவான பெற்றோர் கூறுக்கு உயர்த்தச் சொல்கிறது. அதன் பழைய ஆவணத்திலும் இதே வெப்பநிலைப் பெட்டிகள்தான் உதாரணம். பெற்றோர் வைத்திருப்பது இரண்டே செய்திகள்: கடைசியாகத் தட்டிய எழுத்து, அது எந்த அளவை. மற்றது ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் பெறப்படுகிறது; 100 என்பது 100 ஆகவே நிற்கிறது. இந்தப் பயிற்சிக்கு இதுவே ஆகச் சிறந்த விடை. 2015இல் வெளியான ரீடக்ஸ் என்ற நூலகம், நிலை முழுவதையும் ஒரே ஸ்டோரில் வைக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

விளையாட்டு நிரலாளர்கள் விரும்பும் டியர் இம்ஜியுஐ என்ற இடைமுக நூலகத்தின் வழி வேறு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் நிரலின் மாறியையே நேராகப் படித்துத் திரையை வரைகிறது. ஒத்திசைக்க வேண்டிய நகல் அநேகமாக இல்லை. ஆனால் பயனர் பாதி தட்டிக்கொண்டிருக்கும் எழுத்தை அதுவும் உள்ளே தனியாக வைத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.