கையில் ஒட்டிய வட்டும் பி.டி. பீரியடும்

திரையில் 82. பக்கத்தில் நேராகக் கீழே பார்க்கும் அம்பு. செவ்வாய்க்கிழமை காலை 11:20, ஐந்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். விரலில் குத்திப் பார்த்து 82 வந்திருந்தால் "நார்மல்தான், போய் விளையாடு" என்று அனுப்பியிருப்போம்; இரண்டு வருடம் அப்படித்தான் அனுப்பினோம். அம்பு வேறு சொல்கிறது: நிமிடத்துக்கு 2 புள்ளிக்கு மேல் சரிந்துகொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் 60 பக்கம் வந்துவிடும். அப்போது கோ-கோ பாதியில் இருக்கும்.

டைப் 1 சர்க்கரை உள்ள என் மகளுக்கு, சர்க்கரை அளவைக் காட்டும் இந்த 14 நாள் சென்சாரை மூன்று மாதமாக ஒட்டுகிறோம். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டு. முழங்கைக்கு மேலே, கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் போய் நின்றுகொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து போன் திரையில் எண் வரத் தொடங்கும். "காதுல மாட்டுற ப்ளூடூத்தை ஏன்டி கையில ஒட்டியிருக்க?" என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்டாளாம். வகுப்பில் அதைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

எண்ணைப் பார்க்கத்தான் வாங்கினேன்; உதவியது அந்த எண்கள் நாள் முழுவதும் வரையும் கோடுதான். இரண்டு வாரக் கோடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, பி.டி. உள்ள நாட்களில் மட்டும் பதினொன்றரைக்கு ஒரு பள்ளம். காலை ஏழரைக்குப் போட்ட ரெகுலர் இன்சுலின் அந்த நேரத்திலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதோடு ஓட்டமும் சேர்ந்தால் விழாமல் என்ன செய்யும்? டாக்டர் அந்த நாட்களுக்கு மட்டும் காலை அளவைக் குறைத்தார். இடைவேளையில் ஒரு வாழைப்பழம் சேர்ந்தது. பள்ளம் மேடாகிவிடவில்லை, ஆழம் குறைந்தது.

இனி குறைகள். இழை ரத்தத்தில் நிற்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திசுநீரில் நிற்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். இது எனக்குப் படித்துத் தெரியும், வகுப்பு மிஸ்ஸுக்கு யார் சொன்னது? ஒரு நாள் 64 என்று அலாரம் அடிக்க, மிஸ் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் திரை 58 காட்டியது. பதறிப்போய் இன்னொரு டம்ளர். நடுவில் தோழி கொடுத்த மிட்டாய் வேறு. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது 270. அவரைக் குறை சொல்ல வாய் வருமா! இப்போது குளுக்கோஸ் டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "கொடுத்த பிறகு 15 நிமிடம் சென்சாரைப் பார்க்க வேண்டாம். அப்புறம் விரலில் குத்திப் பாருங்கள்." சென்சார் வந்ததும் க்ளூகோமீட்டரைப் பரணில் போடலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதே சீட்டு.

அலாரம் வேண்டுமானால் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பள்ளியில் போனுக்குத் தடை. பள்ளிக்குப் பலமுறை நடந்த பிறகு, சிம் எடுத்த பழைய போன் ஒன்று, மிஸ் மேசையில் என்று முடிவானது. மேசையிலிருந்து மைதானத்துக்கு ப்ளூடூத் எட்டாது என்பதால் பி.டி. நேரத்தில் அது பி.டி. சாரின் சட்டைப் பைக்கு மாறும். சிம் இல்லாததால் பகலில் எனக்கு எதுவும் வராது. வீட்டு வைஃபை கிடைத்ததும் அன்றைய கோடு மொத்தமாக ஏறும். முதல் வாரம் தவித்தேன். உண்மையைச் சொன்னால், அதுவே நல்லது. வந்திருந்தால் அரை மணிக்கொரு முறை பள்ளிக்குப் போன் போட்டிருப்பேன். லோ அலாரத்தை 80க்கு ஏற்றிவிட்டு, ஹை அலாரத்தைப் பள்ளி நேரத்தில் அணைத்துவிட்டேன். சாப்பிட்ட பிறகு ஏறத்தான் செய்யும். அதற்காகக் கணக்கு வகுப்பில் கூவி ஊரைக் கூட்ட வேண்டாம்.

அனுமதி கேட்பது போனோடு முடியவில்லை. டைப் 1 உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017இல் அனுமதித்தது. ஐந்தாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு மட்டும் அதே அனுமதி கேட்டு நான் ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதுகிறேன்.

பசை நம் ஊர் வியர்வைக்குச் செய்ததில்லை. முதல் சென்சார் ஒன்பதாம் நாளே மைதானத்தில் விழுந்தது. மேலே ஒரு டேப் ஒட்டிய பிறகு 14 நாளும் நின்றது. அந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத லோவைக் காட்டி நடுராத்திரியில் எழுப்பும், அது தனிக் கதை.

சென்சார் ஒன்று சுமார் 5,000 ரூபாய். விடாமல் ஒட்டினால் வருடத்துக்கு 26, அதாவது 1,30,000 ரூபாய். எங்களால் முடியாது. இன்சுலினையும் ஸ்ட்ரிப்பையும் குறைத்து இதை வாங்குவது தப்புக் கணக்கு. இனி கால அட்டவணையோ இன்சுலின் அளவோ மாறும்போது மட்டும் ஒன்று ஒட்டி, அந்த 14 நாளில் கோட்டைப் படித்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்த திங்கள் முதல் பி.டி. கடைசி பீரியடாம், அதற்கப்புறம் முக்கால் மணி நேர வேன் பயணம். முதல் நாள் எண்களை அவ்வளவாக நம்ப முடியாது என்பதால், புது சென்சாரை சனிக்கிழமை சாயந்திரமே ஒட்டிவிடப் போகிறோம். வேன் அண்ணனுக்கு ஒரு குளுக்கோஸ் டப்பா தனியாக வாங்கியாயிற்று. மூடியில் சீட்டு ஒட்ட வேண்டும்.