காலமுத்திரை பதிந்த நாதம்

கல்வெட்டுப் படிப்பதில் பழகிய அறிஞர் ஒருவரிடம், அரசன் பெயரோ ஆட்சியாண்டோ இல்லாத சிதைந்த சாசனம் ஒன்றின் மைப்படியைக் கொடுத்தால், அதில் கண்ட தானம் என்ன, நிலம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்க்கப் புகுமுன், எழுத்தின் வளைவையும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டிருக்கிறதா இல்லையா என்பதையும் உற்று நோக்கி, இது இன்ன நூற்றாண்டினது என்று அவர் சொல்லிவிடுவார். 1980களின் ஆங்கிலப் பாப் இசையில் ஆயுட்கால அபிமானம் வைத்த ரசிகனும் தன்னளவில் அப்படியொரு சாஸ்திரம் கற்றவனே. பாடுபவரின் குரல் எழுவதற்கு முன்பே, முதல் டிரம் அடியைக் கேட்ட மாத்திரத்தில், இது 1981, இது 1986 என்று அவன் காது கணக்கிட்டுவிடும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அவ்விசையின் மேல் காலமுத்திரையை அவ்வளவு ஆழமாகப் பதித்த காரணங்கள் எவை, அந்த முத்திரை அதற்குக் குறைதானா என்பவற்றை இங்கே ஆராயப் புகுகிறேன்.

முதற்காரணம் யந்திரம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1970களிலேயே மின்கருவிகளை மட்டும் கொண்டு ஒரு புது நாதத்தைச் சமைத்திருந்தார்கள். எனினும் அவர்கள் 1978இல் வெளியிட்ட ‘தி மாடல்’ என்ற பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவேளையில் சிந்தசைசர் விலை இறங்கி, சங்கீதப் பயிற்சி இல்லாத இளைஞர் கைக்கும் எட்டியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு யாரோ விட்டுப்போயிருந்த மினிமூக் கருவியைத் தட்டிப் பார்த்த கேரி நியூமன், 1979இல் அதன் முழக்கத்தோடு பட்டியலின் உச்சியை அடைந்தார்.

எஃகுத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்தில் எழுந்த ஹியூமன் லீக் குழுவின் கதை இன்னும் சுவையானது. 1980இல் குழு இரண்டாக உடைந்து, கருவிகளில் கைதேர்ந்த இருவர் விலகிச் சென்றுவிட, இசைப்பயணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்த பாடகர் பிலிப் ஓக்கி, உள்ளூர் நடன விடுதி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் கண்டு குழுவில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘டேர்’ தொகுப்பின் கடைசிப் பாடலாக வைக்கப்பட்டிருந்த ‘டோண்ட் யூ வாண்ட் மீ’யைத் தனித்தட்டாக வெளியிடவே ஓக்கிக்கு விருப்பமில்லை, அவருடைய அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாமல் கம்பெனி வெளியிட்டது, 1981 கிறிஸ்துமஸ் பருவத்தில் அது ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. பிரிந்துபோகும் ஆணும் பெண்ணும் தத்தம் கட்சியைச் சொல்லும் அப்பாடலில், இம்மியும் பிசகாத யந்திரத் தாளத்தின் நடுவே அம்மாணவியரில் ஒருவரான சூசன் ஆன் சல்லியின் பழக்கப்படாத குரல், சாதாரணமான அடுத்த வீட்டுப் பெண்ணின் பேச்சுப்போலத் தன் நியாயத்தைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. தாளம் அத்தனை கறாராக இல்லாதிருந்தால் அந்தக் குரலின் மனிதத்தன்மை அவ்வளவு துலங்கியிராது என்பது என் துணிபு.

யந்திரத்தைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, பிழைப்புப் போய்விடுமே என்ற நியாயமான கவலையோடு, சிந்தசைசரையும் டிரம் யந்திரத்தையும் தடுக்க வேண்டுமென்று தீர்மானமே நிறைவேற்றியது. விமர்சகர்களோ, இதில் கருவியின் ஜாலம் உண்டேயன்றிப் பாட்டு என்று ஒன்று இல்லை என்றார்கள். இதற்கு மறுமொழி மறு ஆண்டே கிடைத்தது. வின்ஸ் கிளார்க்கின் சிந்தசைசரும் ஆலிசன் மோயேயின் கனத்த குரலும் சேர்ந்த யாஸூ என்ற இருவர் குழுவின் ‘ஓன்லி யூ’, 1982இல் இரண்டாமிடம் வரைதான் ஏறியிருந்தது. அதே பாடலைக் கருவி ஒன்றுமில்லாமல் வாய்ப்பாட்டாகவே ஃபிளையிங் பிக்கெட்ஸ் குழுவினர் பாட, அது 1983 கிறிஸ்துமஸுக்கு முதலிடம் பெற்றது. யந்திரத்தை முழுவதும் களைந்த பின்னும் உள்ளே பாட்டு இருந்தது. ஆயினும் ஆயுட்கால ரசிகன் மீண்டும் மீண்டும் நாடிப் போவது யாஸூவின் பதிவைத்தான்; அதற்குக் காரணத்தைப் பாட்டில் தேடிப் பயனில்லை, ஒலியில்தான் தேட வேண்டும்.

அந்த ஒலியின் பெரும்பகுதி தற்செயலில் பிறந்தது என்பது அதிசயம். லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தொகுப்புக்காக ஃபில் காலின்ஸ் டிரம் வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாசிப்பவர் சொல்வது வெளியே இருக்கும் பொறியாளருக்குக் கேட்பதற்கென்று தொங்கவிட்டிருந்த ஒலிவாங்கியை, வாசிப்பு நடக்கும்போதே பொறியாளர் ஹியூ பேட்காம் திறந்துவிட்டார். மெல்லிய பேச்சையும் பெரிதாக்கிக் காட்டும்படி அமைந்த அதன் வழியே டிரம் ஓசை இடிபோல வந்து விழுந்தது. அதன் நீண்ட எதிரொலி தானாக அடங்குமுன் சட்டென்று துண்டிக்கும் ஒரு கருவியையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கோயில் மண்டபத்தில் அடித்த மணியின் கார்வையைப் பாதியில் கத்தரித்தாற்போன்ற அந்த வெட்டொலி, 1981இல் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாடலில், மூன்றரை நிமிஷத்துக்கு மேல் காக்கவைத்து வந்து இறங்கியது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு அந்த அடி விழாத பாடலைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த ஒலியாக்கும் முறையைக் கொண்டு, 1983இல் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற கருவியை வெளியிட்டது. புது நாதங்களைப் படைக்க அதில் எல்லையற்ற இடமிருந்தும், படைக்கும் முறை பெருங்குழப்பமாக இருந்தபடியால், வாங்கியவர்களில் பலர் நிறுவனமே உள்ளே வைத்தனுப்பிய ஒலிகளை அப்படியே பிரயோகித்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் தட்டினாற்போல ஒலிக்கும் அதன் மின்பியானோ, அந்நாளைய காதல் பாடல்கள் பலவற்றில் ஒன்றுபோலக் கேட்பதற்கு ரகசியம் இதுவே. அதே ஆண்டில் வந்த மிடி என்ற பொது ஏற்பாட்டினால், ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் கருவியை ஒற்றைக் கம்பியின் வழியே இயக்கவும் முடிந்தது.

செவிக்கு வந்ததைப் போலவே கண்ணுக்கும் ஒரு முத்திரை வந்தது. 1981 ஆகஸ்டு 1ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது முதலில் காட்டிய பாடற்படம், பகிள்ஸ் குழுவின் ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’. அதை இயக்கிய ரஸ்ஸல் மல்கஹி, 1982இல் பர்மிங்காம் நகரத்து டியூரன் டியூரன் குழுவினரை இலங்கைக்கு அழைத்துச் சென்று, சிகிரியாக் குன்றின் உச்சியிலும் பொலன்னறுவைப் புத்தர் சிலைகளுக்கு எதிரிலும் அவர்களை நிறுத்திப் படம் பிடித்தார். அழகில் குறைவில்லாத அப்படங்கள் தீவைப் பின்திரையாக மட்டுமே கண்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே தீவில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கும் தமிழ் ரசிகனுக்கு, அந்தப் பத்தாண்டின் பளபளப்பு எவ்வளவு மெல்லிய பூச்சு என்பது விளங்காமற்போகாது.

இனி ரசிகன். ஞாயிறு மாலையில் பி.பி.சி. ரேடியோ 1 விற்பனைப் பட்டியலை ஒலிபரப்பும்போது, கேசட் கருவியின் பொத்தானில் விரல் வைத்தபடி, அறிவிப்பாளர் எப்போது வாய் மூடுவார் என்று காத்திருந்த பிரிட்டிஷ் சிறுவர் சிறுமியரே அவன் முன்னோர். பாட்டின் தொடக்கத்தில் அறிவிப்பாளரின் பாதிச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். இறுதியில் அடுத்த பாட்டின் முதல் அடி எட்டிப் பார்க்கும். இதைத் திருட்டென்று கண்ட இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம், கேசட்டைக் கபாலமாகவும் அதன் கீழே குறுக்கிட்ட எலும்புகளுமாக வரைந்து, வீட்டுப் பதிவு சங்கீதத்தைக் கொல்கிறது என்று பிரசாரம் செய்தது. அவ்வாறு பதிந்து கேட்டவர்களில் எத்தனையோ பேர் பிற்காலத்தில் அதே பாட்டை இசைத்தட்டாகவும் குறுந்தட்டாகவும் மறுபடி மறுபடி விலைக்கு வாங்கினார்கள். அவர்களுக்கு உறையும் பாட்டின் ஓர் அங்கம். மான்செஸ்டர் நகரத்து நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ 1983இல் வந்தபோது, பீட்டர் சாவில் அதற்குக் கணினியின் ஃபிளாப்பித் தட்டைப் போலத் துளைகள் வெட்டிய உறையைச் செய்திருந்தார். முகப்பில் குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ அச்சாகவில்லை, வண்ணக் கட்டங்களே சங்கேதமாக இருந்தன.

காலத்தை வென்று நிற்பதே உயர்ந்த கலை என்பது நம்மிடையே வேரூன்றிய கொள்கை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் பிறந்த காலத்தைத் தன் மேனியிலேயே சுமந்து நிற்பதும் ஒரு சிறப்பு என்பதை இந்த இசையின் அபிமானிகள் நெடுநாளாக அறிவார்கள். பழைய வாசனை அடிக்கிறது என்று பிறர் ஒதுக்கும் அந்த வெட்டொலியும் கண்ணாடிப் பியானோவும்தான் அவர்களுக்குச் சாசனத்தின் எழுத்து. அவற்றைத் துடைத்துவிட்டால் பாட்டு மிஞ்சும். அது எழுந்த நாள் மிஞ்சாது.

அப்படித் தன் நாளோடு பிணைந்துவிட்ட ஒலிக்கு ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற டிரம் யந்திரத்தை வெளியிட்டது. அதன் விசேஷமான சீறல் ஓசைக்குக் காரணம், குறையுள்ளவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர்களை அதில் வேண்டுமென்றே பொருத்தியிருந்தமை. டிரான்ஸிஸ்டர் செய்யும் முறை திருந்தியபின் அத்தகைய குறையுள்ள உறுப்புகள் கிடைக்கவில்லை. சுமார் 12,000 கருவிகளோடு, 1983இல் அதன் உற்பத்தி நின்றது.