பழைய படத்துக்குப் போவது எப்படி?

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் ஒரு தியேட்டர் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பாலத்துக்கு அடியில்தான். தலைக்கு மேலே சிவப்பு பஸ்கள் போய்க்கொண்டிருக்கும். கீழே இருட்டில் எழுபது, எண்பது வருடத்துக்கு முந்தைய படம் ஓடிக்கொண்டிருக்கும். பி.எஃப்.ஐ. சவுத்பேங்க் என்பது இன்றைய பெயர். 1952-இல் தொடங்கியபோது நேஷனல் ஃபிலிம் தியேட்டர். பாலத்தடிக்கு வந்தது 1957-இல். அந்த அக்டோபரில் முதல் லண்டன் திரைப்பட விழா இங்கே அகிரா குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' படத்தோடு தொடங்கியது. குரோசாவாவே நேரில் வந்திருந்தார். மறுவருடம் விழாவின் சதர்லாண்ட் கோப்பை இன்னொரு ஜப்பானியருக்குப் போனது. யாசுஜிரோ ஓஸு, படம் 'டோக்கியோ ஸ்டோரி'. சொந்த ஊரில் 1953-லேயே வெளியான படம். மேற்கே அதன் அருமை தெரிய இத்தனை காலம் பிடித்தது.

இந்த மாதிரி தியேட்டருக்கு 'ரிலீஸ் தேதி' கிடையாது. முதல் நாள் முதல் காட்சியும் கிடையாது. இன்று ஜெர்மன் மௌனப் படம், நாளை ஹாலிவுட் துப்பறியும் படம், மறுநாள் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் என்று மாதம் முழுக்க மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி எம்பாங்க்மென்டில் இறங்கி, ஆற்றின் மேல் நடைபாலத்தைக் கடந்தால் வந்துவிடலாம். ஆனால் புதுத் தமிழ்ப் படத்துக்கு இல்ஃபோர்டுக்கும் ஹாரோவுக்கும் போகிற கூட்டத்தில் ஒரு பங்கைக்கூட இங்கே காணோம். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்ற தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நமக்குப் பழைய படம் புதிதல்ல. 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் மெருகேறி வந்தபோது தியேட்டரில் திருவிழா நடந்தது. ஆனால் அங்கே போனவர்களுக்கு வசனம் முழுக்க மனப்பாடம்; தெரிந்ததைக் கொண்டாடப் போனார்கள். பாலத்தடி தியேட்டரில் அந்த மனப்பாடம் உதவாது. நடிகர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த இடத்தில் கைதட்டுவது என்றும் தெரியாது. கதை எங்கே போகிறது என்று துரத்தினால் அரை மணியில் சலித்துவிடும். இயக்குநர் எதைக் காட்டுகிறார், எதைக் காட்டாமல் விடுகிறார் என்று கவனிக்கத் தொடங்கினால் அந்தச் சலிப்பு வரும் வழியே அடைபட்டுவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது அவ்வளவுதான்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுப்பது. இத்தகைய தியேட்டர்கள் ஒரு இயக்குநரின் படங்களையோ ஒரு நடிகையின் படங்களையோ வரிசையாகத் திரையிடுவது வழக்கம். உதிரியாக ஒன்று பார்ப்பதைவிட, ஒரே ஆளின் மூன்று படங்களை ஒரே மாதத்தில் பார்ப்பது மேல். மூன்றாவது படத்தில் அவருடைய கைவாகு தானாகப் பிடிபடும். முதல் தடவையே ஏழு மணி நேரம் ஓடும் பேலா தாரின் 'சாட்டன்டாங்கோ'வுக்குப் போய் உட்கார வேண்டாம். வீரத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. வாசலில் படத்தைப் பற்றி ஒரு குறிப்புத்தாள் கிடைக்கும். வாங்கி மடித்துப் பையில் வையுங்கள், வீட்டுக்குப் போகும் ரயிலில் படியுங்கள். முன்கூட்டியே படித்தால் அதை எழுதியவரின் கண்ணால்தான் படம் பார்ப்பீர்கள். இன்னொரு விஷயம்: இங்கே பெரும்பாலும் இடைவேளை கிடையாது. 'டோக்கியோ ஸ்டோரி' 136 நிமிடம். அதற்கேற்றபடி தேநீரை அளவாகக் குடியுங்கள்.

எங்கே உட்காருவது? புதுப் படத்துக்குப் பின்வரிசை தேடும் பழக்கத்தை விடுங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். நான்கு பங்கு அகலம் என்றால் மூன்று பங்கு உயரம். சினிமாஸ்கோப்பின் அகலம் அதில் இருக்காது. தமிழுக்கு அந்த அகலத்திரை 1973-இல் 'ராஜராஜ சோழன்' மூலம்தான் வந்தது. படம் தொடங்கும் முன் திரையின் இரு ஓரங்களிலும் கறுப்புத் துணி மெல்ல நகர்ந்து உள்ளே வருவதைக் கவனியுங்கள். திரை சுருங்குகிறது, எனவே நீங்கள் முன்னால் போக வேண்டும். எனக்குப் பிடித்தது முன்னாலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி, நடுவில். சப்டைட்டிலையும் முகத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ள முடிகிற தூரம் அது. சப்டைட்டிலை வார்த்தை வார்த்தையாகப் படிக்காதீர்கள். ஒரு பார்வை, உடனே முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒன்றிரண்டு வரி தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நிகழ்ச்சிநிரலில் '35 எம்.எம்.' என்று போட்டிருந்தால் அந்தக் காட்சிக்கே போங்கள். டிஜிட்டல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஃபிலிமில் பார்க்க வேறு சில சங்கதிகள் உண்டு. ஒரு சுருள் அதிகபட்சம் 2000 அடி, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண்சிமிட்டும். ஆபரேட்டர் இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரைத் தட்டிவிடுகிறார். ஏழெட்டு விநாடியில் இன்னொரு வட்டம். அந்தக் கணத்தில் படம் ஒரு இயந்திரத்திலிருந்து மற்றதுக்குத் தாவிவிடும். சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. டூரிங் டாக்கீஸில் ஒற்றை புரொஜெக்டரும் சுருளுக்குச் சுருள் இடைவேளையுமாகப் படம் பார்த்த தலைமுறைக்கு இதன் சுகம் சொல்லாமலே புரியும்.

ஃபிலிமில் வரும் கீறலும் பொட்டும் குறையாகத் தோன்றலாம். அதையும் படத்தின் சரித்திரமாகப் பார்க்கப் பழகலாம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் ஃபிலிம் லேப் ஒன்றில் தீயில் கருகின. கருகியவற்றை யாரும் வீசி எறியவில்லை. இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோனாவில் கைவினைஞர்கள் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓரத் துளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சீராக்கினார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த வெந்த நெகட்டிவிலிருந்தே மீண்டது. மீதியை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015-இல் அது மறுபடியும் திரைக்கு வந்தது. அந்தப் பிரதியைப் பார்க்க வாய்த்தால், படத்தின் மணிமணியான இழை எங்கே மாறுகிறது என்றும் ஒரு கண் வையுங்கள். 'டோக்கியோ ஸ்டோரி'யின் மூல நெகட்டிவும் தீயில் போனதுதான். இன்று நாம் பார்ப்பது நகலிலிருந்து மீட்டது.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கதை ஒரு வரி: வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. நம் வீட்டுக் கதை. அதனால்தான் ஆபத்தும். கதை தெரிந்துவிட்டது என்று கண்ணை மூடிவிடுவோம்.

தொடக்கத்தில் ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் இருவரும் பயணத்துக்குப் பை கட்டுகிறார்கள். காற்றடைக்கும் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அப்பா. என்னிடம் இல்லையே என்கிறார் அம்மா. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து நலம் விசாரித்துப் போகிறார். தலையணை கடைசியில் அப்பாவின் பையிலேயே இருக்கிறது. பிறகு? வழியனுப்பல், ரயில் பயணம், வந்திறங்கும் ஸ்டேஷன் எல்லாம் வரும் என்று எதிர்பார்ப்போம். எதுவும் வராது. புகை கக்கும் புகைபோக்கிகள் தெரிகின்றன, டோக்கியோ வந்துவிட்டது. அந்த நீண்ட பயணம் முழுவதையும் ஓஸு ஒரு வெட்டில் விழுங்கிவிட்டார். இதே ஆள் தலையணைக்கு அத்தனை நேரம் கொடுத்தார். அம்மா திரும்பும் வழியில் உடம்பு முடியாமல் போவதும் இப்படித்தான். நமக்குக் காட்டாமல், ஓசாகாவில் இருக்கும் மகன் பேச்சுவாக்கில் சொல்லித் தெரியவருகிறது. பெரிய சம்பவங்கள் திரைக்கு வெளியே நடக்கின்றன. சில்லறை விஷயங்கள் உள்ளே நடக்கின்றன. இது பிடிபட்டவுடன் படத்தின் ஒவ்வொரு சில்லறைக்கும் கனம் ஏறும். முடிவிலும் அதே ஜன்னலில் அதே பக்கத்து வீட்டுப் பெண்மணி வருவார். இம்முறை உள்ளே ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கேமராவின் உயரத்தைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் சற்றுத் தாழ்வாக இருக்கும், அநேகமாக நகரவே நகராது. பந்தியில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கு அந்த உயரம் அந்நியமில்லை. 'மெதுவான படம்' என்று பெயர் வாங்கியதே தவிர, ஒரு ஷாட் சராசரியாக ஏறக்குறைய பத்து விநாடிதான் நிற்கிறது. மெதுவாக இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், யாரும் அவசரமாக அழுவதில்லை என்பதுதான்.

அப்பாவாக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது 49 வயது. மூத்த மகள் ஷிகேயாக வரும் ஹருகோ சுகிமுரா அவரைவிட ஐந்து வயதுதான் இளையவர். எல்லோரும் மருமகளாக வரும் செட்சுகோ ஹாராவின் புன்னகையைப் பற்றியே எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் இது சுகிமுராவின் படம். அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிடும்போதே, அம்மாவின் ஓபியை (கிமோனோ மேல் கட்டும் இடுப்புப் பட்டை) ஞாபகார்த்தமாக எனக்கு எடுத்து வை என்பார். கோபமாகவோ திருட்டுத்தனமாகவோ இல்லை, சோற்றை மென்றுகொண்டே சர்வசாதாரணமாக. காரியம் முடிந்த கையோடு பீரோ சாவி கேட்ட அக்காமார் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? ஓஸு அவரைத் திட்டவில்லை. கேமரா அதே உயரத்தில் அப்படியே இருக்கிறது. தியேட்டரில் அந்த இடத்தில் சிலர் சிரிப்பார்கள், பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். தனியாக வீட்டில் பார்த்தால் இது கிடைக்காது. போனில் பார்த்தால், தலையணை தேடும் இடத்திலேயே விரல் பத்து விநாடி முன்னால் தள்ளியிருக்கும்.

சிரிப்பைப் பற்றி இன்னொன்று. பழைய மெலோடிராமா ஓடும்போது, 'நாங்கள் உஷார்' என்று காட்டுவதற்காகவே நக்கலாகச் சிரிக்கும் ரசிகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. லண்டனிலும் குறைவில்லை. அவர்களோடு சேராதீர்கள். நடிப்பு மிகையாகப் பட்டால், அந்தக் காலத்து ஒலிப்பதிவுக்கும் மேடைப் பழக்கத்துக்கும் பத்து நிமிடம் இடம் கொடுங்கள். காது பழகிவிடும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை. உலகமே கொண்டாடும் படம் என்பதற்காக ரசித்த மாதிரி தலையாட்ட வேண்டியதில்லை. பிரெஞ்சு இயக்குநர் கொதாரின் பிற்காலப் படங்கள் சிலவற்றில் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

படம் முடிந்ததும் ஒரு திடுக்கிடல் காத்திருக்கும். பழைய படங்களில் பெயர்ப்பட்டியல் முன்னாலேயே போய்விடும். முடிவில் 'முற்றும்' என்று ஒரு சொல், உடனே விளக்கு. ஐந்து நிமிடம் எழுத்து ஓடி நம்மை ஆசுவாசப்படுத்தும் வழக்கம் பின்னால் வந்தது. எனவே எழுந்துவிடாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். துணைக்கு வந்தவரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்காமல், 'எந்த இடம் நினைவிருக்கிறது?' என்று கேளுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

லண்டனில் இருந்தால்தானா என்று கேட்பீர்கள். சென்னையில் தினமும் பழைய படம் மட்டுமே போடும் இப்படிப்பட்ட தியேட்டர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஃபிலிம் சொசைட்டிகள் இருக்கின்றன. ராயும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்த இயக்கத்தின் மிச்சம் அது. இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் திரையிடல்களோடு திரைப்பட விழாவும் நடத்துகிறது. மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும் அவ்வப்போது படம் போடுவதுண்டு. டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறினால் கேரள விழாவில் ஒரே நாளில் நான்கு படம் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்கே வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கவாவது ஒருமுறை போகலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954-இல் வந்தது. பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார், பிறகு ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்கிறார்கள். 'டோக்கியோ ஸ்டோரி'க்கு ஒரு வருடம் இளைய படம், அதே சதுரச் சட்டகம். நாம் அதை டி.வி.யில் விளம்பரங்களுக்கு நடுவேதான் பார்த்திருக்கிறோம். உங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில் யாரையாவது தெரியுமென்றால், அடுத்த மாதம் அதைப் பெரிய திரையில் போடச் சொல்லுங்கள். போட்டால் முன்வரிசைப் பக்கம் போய் உட்காருங்கள்.